ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளி

சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்துக்கும், அரசாங்க விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட்எஸ்ஜிக்கும், சண்டைப் போட்டிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். நான் பகலில் பேருந்து ஓட்டுகிறேன். வாரத்தில் நான்கு மாலை, சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் இளையர்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். எண்பதுகளில் ஃபேரர் பார்க் குத்துச்சண்டைக் கூடத்தில் நான் கற்றது அது. இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குத்து மட்டும் போதவில்லை. அவர்களுக்கு எம்எம்ஏ வேண்டும். குத்து, உதை, மல்யுத்தம், தரையில் சாய்த்துப் பூட்டுப் போடுவது எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலை. மற்றவற்றை வேறு பயிற்றுநர்களிடம் கற்கிறார்கள், கைவேலையை என்னிடம் கற்கிறார்கள். சண்டை நாளில் அவர்கள் கைக்குத் துணி சுற்றிவிடுவதும் நான்தான். சண்டையில் அடிபடுகிறவர்களுக்குப் போட்டி நாளுக்குப் பிறகும் காப்புறுதி வேண்டும், அது எட்டாத இடங்களுக்கு டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளி எடுத்து ஒரு நிதி வேண்டும் என்று கேட்க, அந்தத் துணியைச் சுற்றுகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. நகருக்குள் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் சிறிய போட்டி. மண்டபத்துக்குப் பின்னால், விருந்துக்கான வட்ட மேசைகளை மடித்து அடுக்கிவைத்திருந்த அறையில்தான் வீரர்கள் தயாரானார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் என்னிடம் பழகும் ஒரு தம்பியைக் கை வைக்கச் சொன்னேன். மணிக்கட்டில் மூன்று சுற்று. கட்டைவிரலை வளைத்து ஒரு சுற்று. முட்டிகளின் மேல் காஸ் துணியை மடித்து வைத்து, அதன் மேல் சுற்று. பிறகு டேப்பைக் கிழித்து, திரித்து, விரல் இடுக்குகள் வழியாக இழுத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "மூடித் திற" என்பேன். மூடித் திறப்பான். "மாஸ்டர், கட்டைவிரல்ல கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றான். அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். கையில் நடுக்கம் இல்லை. ஆனால் உள்ளங்கை வியர்த்து டேப் ஒட்டாமல் வழுக்கியது. துண்டால் துடைத்துவிட்டு, என் இரண்டு கைகளுக்கும் நடுவில் அவன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

அவனுக்கு வயது இருபத்து மூன்று. மின்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறவன். அன்றைய சண்டைக்கு அவனுக்குப் பேசிய தொகை நானூறு வெள்ளி, அதாவது நானூறு சிங்கப்பூர் டாலர். அது போக, அவனாக விற்கும் டிக்கெட்டுகளில் ஒரு பங்கு. சிறிய போட்டிகளில் இதுதான் வழக்கம்; சண்டை போடுகிறவனே டிக்கெட்டும் விற்க வேண்டும். அவன் அம்மா, அவர்கள் புளோக்கில் பக்கத்து வீட்டு மாமி, தேசிய சேவையில் கூட இருந்த நண்பர்கள் என்று இருபத்தாறு பேர் காசு கொடுத்து வந்திருந்தார்கள்.

இரண்டாவது ரவுண்டு. எதிராளி அவன் காலை வாரிக் கேஜ் என்ற கம்பிவலைக் கூண்டின் ஓரத்தில் சாய்த்தபோது, பாதம் விரிப்பிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பச்சை மூங்கிலை ஒடித்தால் வரும் சத்தம். அவன் கத்தவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் தரையை இரண்டு முறை தட்டினான், அவ்வளவுதான். மேடையோர மருத்துவர் வந்து முழங்காலை அழுத்திப் பார்த்தார், ஐஸ் கட்டினார், மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் செய்ய வேண்டியதை அக்கறையாகவே செய்தார். அரங்கில் அடுத்த சண்டைக்குப் பாட்டுப் போட்டார்கள்.

எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் முழுதாக அறுந்திருந்தது, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை, பிறகு ஒன்பது மாத உடற்பயிற்சிச் சிகிச்சை. ஏற்பாட்டாளரிடம் கேட்டோம். காப்புறுதி இருக்கிறது என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தாளை எடுத்து நிதானமாகப் படித்தபோது தெரிந்தது: காப்புறுதி போட்டி நடக்கும் இடத்தில், போட்டி நாளன்று தரப்படும் சிகிச்சைக்கு மட்டும். அந்த ஐஸ் கட்டிக்கும் கடிதத்துக்கும் காப்புறுதி உண்டு. மறுநாள் காலையிலிருந்து எதற்கும் கிடையாது. நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் ஒரு பங்கை ஏற்றது. மீதியில் அம்மாவின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு கரைந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சிக்கும், வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களுக்கும் யாரும் எதுவும் தரவில்லை. ஏற்பாட்டாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்காததை அவர் செய்யவில்லை, அவ்வளவே. அதனால்தான் மடல் உங்களுக்கு வருகிறது.

இதில் என் மனத்தை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. செயலிகள் வழியாக வேலை செய்கிறவர்களைக் காக்கும் இணையத்தள ஊழியர்களுக்கான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. உணவு விநியோகம் செய்கிறவர் வேலை நேரத்தில் விழுந்து அடிபட்டால், மற்ற ஊழியர்களைப் போலவே அவருக்கும் வேலையிடக் காய இழப்பீடு உண்டு. அதே தம்பி, அதே முழங்கால். அன்று மாலை சாப்பாட்டுப் பையோடு புளோக்குக்குக் கீழே சறுக்கி விழுந்திருந்தால் மருத்துவச் செலவும் கிடைத்திருக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஈடும் கிடைத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில், டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால், உரிமம் பெற்ற நிகழ்ச்சியில் அடிபட்டதால் ஒன்றும் இல்லை. "அவர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள், ஊழியர்கள் அல்ல" என்று விநியோக ஓட்டிகளைப் பற்றியும் பல வருடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு உட்கார்ந்து யோசித்து, வழி கண்டுபிடித்து, சட்டம் செய்தோம். இந்த நாட்டால் முடியாத வேலை இல்லை இது.

ஐயா, அம்மா, இந்த விளையாட்டால் நகரத்துக்கு என்ன கிடைத்திருக்கிறது என்பதை நான் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்துவருகிறேன். 2011 செப்டம்பர் 3 அன்று காலாங் உள்ளரங்கத்தில், எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் தன் முதல் போட்டியை நடத்தியது. அப்போது அதற்கு ஒன் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப் என்று பெயர். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் எம்எம்ஏ நிறுவனமான யுஎஃப்சி முதன்முறையாக மரீனா பே சாண்ட்ஸுக்கு வந்தது. 2017, 2018, 2019 என்று அடுத்தடுத்து உள்ளரங்கத்துக்கு வந்தது. 2022 ஜூனில் யுஎஃப்சி 275. தென்கிழக்காசியாவில் நடந்த அதன் முதல் கட்டணத் தொலைக்காட்சிப் பெரும்போட்டி. அது அமெரிக்காவின் சனிக்கிழமை இரவுக்காக நடந்தது. ஆகவே நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. முக்கியச் சண்டைகள் பத்து மணிக்குத் தொடங்கின. விடிந்தும் விடியாததுமாக என் பேருந்தில் ஏறிய வெளிநாட்டுக்காரர்கள் கையில் கோப்பிப் பையோடு "ஸ்டேடியம், ஸ்டேடியம்" என்று கேட்டுக் கேட்டு இறங்கினார்கள். ஒரு நகரம் தன் காலைப் பொழுதை இன்னொரு நாட்டின் இரவுக்கு மாற்றிக் கொடுத்தது அன்று. அதற்காக அந்த நகரத்தின் படகுத்துறையும் கோபுரங்களும் உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடின. ஹோட்டல் அறை, விமானச் சீட்டு, மறுநாள் சுற்றுலா. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயணத்துறைக் கழகம் இந்த நிகழ்ச்சிகளுக்கு ஆதரவு தந்தது அதற்காகத்தானே. அதில் தப்பு எதுவும் இல்லை.

முதலீட்டாளர்களும் வந்தார்கள். 2018-ல் ஒன் சாம்பியன்ஷிப் 166 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியபோது அதில் அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கும் பங்கெடுத்தது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஃபார் ஈஸ்ட் ஸ்குவேரில் இவால்வ் பயிற்சிக்கூடம் வந்த பிறகு, வங்கிகளிலும் சட்ட நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் மதிய இடைவேளையில் முன்னாள் தாய்லாந்து வெற்றிவீரர்களிடம் உதை கற்றுக்கொள்ளும் காலம் தொடங்கியது. இன்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒரு கூடமாவது இருக்கிறது. கொவிட் காலத்தில் நேரடி விளையாட்டு நிகழ்ச்சியை மறுபடி தொடங்கலாமா என்று சோதித்துப் பார்க்க 2020 அக்டோபர் 30 அன்று 250 பார்வையாளர்களை உள்ளே விட்டீர்களே, அதுவும் ஒரு எம்எம்ஏ நிகழ்ச்சிதான். இந்த விளையாட்டை நம்பி நாடு ஒரு கதவைத் திறந்து பார்த்தது. 2016 மே மாதம் பத்தொன்பது வயதில் ஏஞ்சலா லீ அதே உள்ளரங்கத்தில் ஒன் பட்டத்தை வென்றபோது, என் கூடத்துக்கு அடுத்த வாரமே மூன்று பெண்பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளைகூட அந்தப் படியேறியது கிடையாது.

ஒரு நகரத்தில் வீரர்கள் உருவாவது வேறு, அவர்கள் மேல் வெளிச்சம் விழுவது வேறு. தாய்லாந்தின் வடகிழக்கில் ஏழெட்டு வயதில் கையுறை மாட்டுகிறார்கள். பிலிப்பீன்ஸின் பாகியோ மலைப்பக்கம் வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலையில் தேறியவர்கள் எம்எம்ஏவுக்கு வருகிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு விளைநிலம் கிடையாது. நம்மிடம் இருந்தது விமான நிலையம், நல்ல அரங்கம், ஒப்பந்தத்தை மதிக்கும் நீதிமன்றம், விளம்பரதாரர்களின் வட்டாரத் தலைமையகங்கள், முதலீட்டுப் பணம். அதை வைத்து நாம் ஒரு மேடை கட்டினோம். ஆசியாவின் வீரர்கள் இங்கே வந்து சண்டை போட்டார்கள், இங்கே வந்து கற்றும் கொடுத்தார்கள். ஆனால் மேடை நகரக்கூடியது. 2023 ஜனவரி முதல் ஒன் சாம்பியன்ஷிப் வெள்ளிக்கிழமை தோறும் பேங்காக் லும்பினி அரங்கில் போட்டி நடத்துகிறது. பெரிய கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போகும். இங்கேயே இருக்கப்போவது என் மாடிக்கு ஏறி வரும் பிள்ளைகளும், அவர்கள் முழங்கால்களும்தான்.

இந்த ஊருக்குச் சண்டை பார்ப்பது புதிதில்லை. என் அப்பா ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய் குஸ்தி பார்த்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மல்லர் கிங் காங் என்றால் அவருக்குக் கண் விரியும். தாரா சிங் 1947-ல் சிங்கப்பூருக்கு வந்து, பிழைப்புக்கு வேலை பார்த்துக்கொண்டே மல்யுத்தம் பழகியவர் என்று பெருமையாகச் சொல்வார். கேளிக்கைப் பூங்காக்காரர்கள் சம்பாதித்தார்கள், கூட்டம் மகிழ்ந்தது. அந்த மேடையில் விழுந்து எழுந்த உள்ளூர் மல்லர்களில் எத்தனை பேர் வயதான காலத்தில் நிமிர்ந்து நடந்தார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஃபேரர் பார்க்கில் எங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக இருந்தவர் சையது அப்துல் காதர். 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம் வாங்கியவர். அவர் காலத்துக் குத்துச்சண்டை நாட்டுக்காக விளையாடியது. விழுந்தால் தூக்க ஒரு சங்கமாவது இருந்தது. இன்று ஹோட்டல் மண்டபத்தில் சண்டை போடும் தம்பி யாருக்காக விளையாடுகிறான்? தேசிய அணியில் இல்லை, ஆகவே தேசிய வீரருக்கான உதவிகள் அவனைச் சேராது. ஊழியன் இல்லை, ஆகவே வேலையிடச் சட்டம் அவனைச் சேராது. பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தம் இல்லை, ஆகவே அவர்கள் வைத்திருக்கும் வசதிகளும் சேராது.

பெரிய நிறுவனங்களைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள். யுஎஃப்சி 2011-லேயே தன் வீரர்களுக்கு ஆண்டு முழுவதும் செல்லும் விபத்துக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. பயிற்சியில் அடிபட்டாலும் அதில் சேர்த்தி. ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக மணிலா போயிருந்த யாங் ஜியான் பிங் என்ற சீன இளைஞர் 2015 டிசம்பரில் எடை குறைக்கும்போது இறந்துபோனார். வயது இருபத்தொன்று. அடுத்த மாதமே அந்த நிறுவனம், உடம்பில் நீர் வற்றவைத்து எடை குறைப்பதைத் தடைசெய்தது. எடை பார்ப்பதோடு சிறுநீரின் அடர்த்தியையும் சோதிக்கத் தொடங்கியது, 1.025-க்கு மேல் போனால் தேறாது.

என் கண்ணில் படுவது வேறு. கார் நிறுத்துமிடத்தின் மேல்மாடியில், மதியம் இரண்டு மணி வெயிலில், கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிற பையன். எச்சில் துப்பித் துப்பி எடை குறைக்கப் பார்க்கிறான். நான் பையைக் கிழித்தெறிந்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். "மாஸ்டர், இன்னும் எழுநூறு கிராம்தான்" என்று அழுதான். சிறிய போட்டியில் அவன் சிறுநீரை யாரும் சோதிப்பதில்லை. தராசு காட்டும் எண் சரியாக இருந்தால் போதும்.

2017 செப்டம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மரீனா பே சாண்ட்ஸில் ஒரு முவே தாய், அதாவது தாய்லாந்துக் குத்துச்சண்டை, காட்சிச் சண்டை. வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் மேடையேறிய நம் தமிழ்ச் சகோதரர் ஒருவர், முப்பத்திரண்டு வயது, அன்றிரவே இறந்துபோனார். உடற்கட்டுப் பயிற்சியில் பெயர் பெற்றவர். லிட்டில் இந்தியாவில் அவரைத் தெரியாத கூடம் கிடையாது. அந்த வாரம் முழுக்கப் பாதுகாப்பைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அவருடைய குடும்பத்தின் துயரத்தை என் வாதத்துக்குக் கருவியாக்க எனக்கு மனம் வரவில்லை, ஆகவே இதற்கு மேல் சொல்லவில்லை. மரணம் நடந்தால் மட்டும் பேசுகிறோம். அறுந்த தசைநாருக்கும் மங்கிய கண்ணுக்கும் மூன்றாவது முறை நினைவு தப்பியதற்கும் செய்தி வருவதில்லை.

மற்ற ஊர்கள் என்ன செய்திருக்கின்றன என்று என் மகள் உட்கார்ந்து தேடித் தந்தாள். நியூயார்க் 2016-ல் எம்எம்ஏவுக்கு அனுமதி தந்தபோது, ஏற்பாட்டாளர் ஒவ்வொரு வீரருக்கும் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்கு ஒரு மில்லியன் டாலர் வரை காப்புறுதி வேண்டும் என்று எழுதிவைத்தது. தாய்லாந்தில் 1999 முதல் குத்துச்சண்டைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. வீரர், முகாம், ஏற்பாட்டாளர் எல்லாரும் பதிவுசெய்ய வேண்டும். கலிபோர்னியா 2023-ல் எம்எம்ஏ வீரர்களுக்கென ஓய்வுக்கால நிதியைச் சட்டமாக்கியது. விற்கும் டிக்கெட்டுக்கு ஒரு டாலர் அந்த நிதிக்குப் போகிறது.

இந்த ஒரு டாலர் என்னை விடவில்லை. பேருந்து ஓட்டும்போதுகூடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளரங்கத்தில் ஏறத்தாழ 12,000 பேர் அமரலாம். நிறைந்த ஓர் இரவில் டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளி எடுத்தால் பன்னிரண்டாயிரம் வெள்ளி. டிக்கெட் வாங்குகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, கோப்பிக் கடையில் ஒரு கோப்பிக்கும் போதாத காசு. ஹோட்டல் மண்டபத்தில் எண்ணூறு பேர் வந்தால் எண்ணூறு வெள்ளி. பெரிய நிகழ்ச்சியின் பணமும் சிறிய நிகழ்ச்சியின் பணமும் ஒரே பானையில் விழட்டும். காயம் எங்கே பட்டாலும் அதே பானையிலிருந்து எடுக்கட்டும். ஒன்பது மாத உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அது போதும். என் தம்பிக்கு அது இருந்திருந்தால் அவன் அம்மா தன் கண்புரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டார்.

இதற்கு உங்கள் கையில் சாவி இருக்கிறது. உள்ளரங்கம் அடங்கிய ஸ்போர்ட்ஸ் ஹப் விளையாட்டு வளாகம் 2022 டிசம்பர் முதல் அரசாங்கத்தின் கையில், ஸ்போர்ட்எஸ்ஜியின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளரங்கத்தை வாடகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது உங்கள் வேலை. பயணத்துறைக் கழகம் ஆதரவு தரும் நிகழ்ச்சிக்கு நிபந்தனை போடுவது உங்கள் உரிமை. சிறிய போட்டிகளும் உரிமம் இல்லாமல் நடப்பதில்லை. அந்த விண்ணப்பத்தில் தீயணைப்பு வழியைக் கேட்கிறீர்கள், ஒலி அளவைக் கேட்கிறீர்கள். போட்டிக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு வரை செல்லும் காயக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அனுமதி இல்லை என்று சொல்லுங்கள். எனக்கு முக்கியமான கோரிக்கை இதுதான். ஒரு வெள்ளி நிதி காப்புறுதி எட்டாத இடங்களுக்கு.

இன்னொன்றும் வேண்டும், செலவே இல்லாதது. தலையில் அடிபட்டு நினைவு தப்பிய பையன் இரண்டு வாரத்தில் வேறொரு ஏற்பாட்டாளரிடம் போய் நிற்கிறான். அவருக்கு இவன் கதை தெரியாது, பையன் சொல்லவும் மாட்டான். எல்லா ஏற்பாட்டாளர்களும் பார்க்கக்கூடிய ஒரே பதிவேடு இருந்தால் போதும். எந்தத் தேதியில் அடிபட்டான், எத்தனை நாள் ஓய்வு என்று மருத்துவர் எழுதிவிட்டால், அதற்குள் யாரும் அவனை மேடையேற்ற முடியாது. தடுப்பூசிக் கணக்கைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்த நாடு இது.

இப்படி நிபந்தனை போட்டால் சிறிய ஏற்பாட்டாளர்கள் கடையை மூடிவிடுவார்கள், பிள்ளைகளுக்குச் சண்டையே கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. சிறிய மேடை இல்லாமல் யாரும் பெரிய மேடைக்குப் போக முடியாது. அதனால்தான் செலவைச் சிறியவர் தலையில் மட்டும் போடாமல் பொதுவான நிதி கேட்கிறேன். உள்ளரங்கத்தின் பணம் ஹோட்டல் மண்டபத்தைத் தாங்கட்டும். பெரியவர்கள் வளர்வதற்குச் சிறியவர்கள்தானே பார்வையாளர்களைப் பழக்கிவைத்தார்கள்.

"ஆபத்து தெரிந்துதானே இறங்குகிறார்கள்" என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். ஆமாம், தெரிந்துதான் இறங்குகிறார்கள். கட்டுமானத் தளத்தில் சாரம் ஏறுகிறவருக்கும் ஆபத்து தெரியும். அதற்காக அவர் விழுந்தால் அது அவர் பாடு என்று இந்த நாடு சொல்வதில்லை. ஒப்பந்தம் இரண்டு பேர் சம்மதித்துப் போடுவது, அரசாங்கம் ஏன் நுழைய வேண்டும் என்றும் கேட்கிறார்கள். எம்எம்ஏவில் உலகின் மிகப் பெரிய நிறுவனமான யுஎஃப்சியில் சண்டை போட்ட வீரர்களே தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2014-ல் வழக்குப் போட்டு, பத்தாண்டு நடத்தித்தான் 375 மில்லியன் டாலர் உடன்பாட்டைப் பெற்றார்கள். புகழும் வழக்கறிஞரும் உள்ளவர்களுக்கே பத்தாண்டு. எங்கள் பையன் ஹோட்டல் மண்டபத்துக்குப் பின்னால், மடித்த மேசைகளுக்கு நடுவில், நான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான். சண்டைக்கு இரண்டு நாள் முன்னால் தருகிறார்கள் அந்தத் தாளை. அதற்குள் டிக்கெட்டெல்லாம் விற்றாகிவிட்டது. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வான்?

2026-ல் ஜப்பானின் ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டுகளில் எம்எம்ஏ இடம்பெறுகிறது. இனி இது பதக்கம் தரும் விளையாட்டு. நாளை இந்த நாட்டின் கொடியை அதில் யாராவது தூக்க வேண்டுமானால், அவர் இப்படி ஒரு சிறிய மண்டபத்திலிருந்துதான் வந்திருப்பார். அதுவரை அவர் முழங்காலோடு வந்து சேர வேண்டும்.

தம்பி இப்போது நடக்கிறான். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். வியாழக்கிழமைகளில் கூடத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்தபடியே சின்னப் பிள்ளைகளுக்குக் கை சுற்றிவிடுகிறான். என்னைவிட நன்றாகவே சுற்றுகிறான், டேப்பை வீணாக்குவதில்லை. போன வாரம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் "மூடித் திற" என்று அவன் சொன்னதைக் கேட்டு நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதே கூடத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அடுத்த போட்டிக்கு அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வேறு ஏற்பாட்டாளர், வேறு மண்டபம். ஒப்பந்தத்தை இம்முறை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் அதே வரி இருக்கிறது: போட்டி இடத்தில், போட்டி நாளன்று. மாத இறுதிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். அவள் பேனாவோடு வந்து நின்றாள். "கொஞ்சம் பொறும்மா, ஒரு கடிதம் எழுதியிருக்கேன், பதில் வரட்டும்" என்று சொல்லித் தாளை என் பையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன், காலைப் பணி நாட்களில் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
சிராங்கூன் பகுதியில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்றுநர்